அரசியலில் பணிவிடைத் தலைமை: கிறிஸ்தவப் பார்வைக்கு ஓர் அறிமுகம்

பணிவிடைத் தலைமை என்னும் சொற்றொடர் இன்று நிர்வாகப் பயிற்சி வகுப்புகளிலும் தேர்தல் மேடைகளிலும் தாராளமாகப் புழங்குகிறது. அமெரிக்காவின் பெரிய தொலைபேசி நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ராபர்ட் கிரீன்லீஃப் 1970ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரைதான் அதை நிறுவன உலகில் பரப்பியது. தலைவராக விரும்புகிறவர் முதலில் பணி செய்ய விரும்புகிறவராக இருக்க வேண்டும். அவருடைய தலைமையின் கீழ் இருப்பவர்கள் மனிதர்களாக வளர்கிறார்களா என்பதைக் கொண்டே அவரை அளக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். ஆனால் கிறிஸ்தவ மரபில் இந்தக் கருத்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழையது. அதன் வேர்கள் எபிரேய வேதாகமத்தில், அதாவது பழைய ஏற்பாட்டில், இன்னும் ஆழமாகப் போகின்றன. நிறுவனங்களை விட்டுவிட்டு, அரசியல் அதிகாரத்தைப் பற்றி அந்த மரபு என்ன சொல்கிறது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

அதன் சாரம் இதுதான்: ஆளும் அதிகாரம் ஆளப்படுவோரின் நன்மைக்காக ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு; ஆகவே அதை வைத்திருப்பவர் அதன் எல்லைகளை ஏற்கவும், அதற்குக் கணக்குக் கொடுக்கவும், வேளை வரும்போது அதை விட்டு இறங்கவும் கடமைப்பட்டவர். மென்மையான பேச்சும் எளிய உடையும் இதற்குத் துணையாக வரலாம், வராமலும் போகலாம். தலைவரின் சுபாவத்தைப் பார்த்து மயங்குவது எளிது என்பதால்தான் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இடமும் வலமும் கேட்ட சகோதரர்கள்

இந்தப் போதனையின் மையப் பகுதி மாற்கு சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமுக்குப் போகும் வழியில் செபெதேயுவின் குமாரர்களான யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் வந்து, அவருடைய மகிமையில் ஒருவர் வலதுபக்கத்திலும் மற்றவர் இடதுபக்கத்திலும் உட்கார அனுமதி கேட்கிறார்கள். இது அப்பட்டமான அரசியல் விண்ணப்பம். இயேசு விரைவில் சிங்காசனம் ஏறுவார் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். ஏறியதும் முக்கியப் பதவிகள் யாருக்கு என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள நினைத்தார்கள். மத்தேயுவின் பதிவில் அவர்களுடைய தாயார் வந்து இதைக் கேட்கிறார். செய்தி தெரிந்ததும் மற்றப் பத்துச் சீஷர்களும் எரிச்சலடைந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். அந்த எரிச்சலை நியாய உணர்வு என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. தாங்கள் கேட்பதற்கு முன்பே இவர்கள் கேட்டுவிட்டார்களே என்ற ஆத்திரமாகவே அது தெரிகிறது.

இயேசு பன்னிருவரையும் அழைத்துப் பேசுகிறார். புறஜாதிகளின் அதிபதிகள் அவர்களை இறுமாப்பாக ஆளுகிறார்கள், பெரியவர்கள் அவர்கள்மேல் கடினமாக அதிகாரம் செலுத்துகிறார்கள் என்று அன்றைய நடைமுறையை எடுத்துச் சொல்லிவிட்டு, "உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது" என்கிறார். பெரியவனாக விரும்புகிறவன் மற்றவர்களுக்குப் பணிவிடைக்காரனாகவும், முதன்மையானவனாக விரும்புகிறவன் எல்லாருக்கும் ஊழியக்காரனாகவும் இருக்க வேண்டும் என்கிறார். மனுஷகுமாரன் ஊழியங்கொள்ள வராமல், ஊழியஞ்செய்யவும் அநேகரை மீட்கும்படி தம் ஜீவனைக் கொடுக்கவும் வந்தார் என்று தம்மையே சான்றாக வைத்து முடிக்கிறார். பெரியவனாக வேண்டும் என்ற ஆசையை அவர் கண்டிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தலைமையை நாடுவதே பாவம் என்று சிலர் சொல்வதுண்டு. இந்தப் பகுதி அப்படிச் சொல்லவில்லை. ஆசை போக வேண்டிய திசையைத்தான் அது திருப்பிவிடுகிறது.

லூக்கா இதே போதனையைக் கடைசி இராப்போஜன வேளையில் வைத்து, ஒரு நுட்பமான விவரத்தைச் சேர்க்கிறார். ஜாதிகளை ஆளுகிறவர்கள் உபகாரிகள் என்று சொல்லப்படுகிறார்கள். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம் என்கிறார் இயேசு. கிரேக்கப் பண்பாடு பரவிய நாடுகளில் உபகாரி என்பது அரசர்கள் சூடிக்கொண்ட பட்டம். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமி அந்தப் பட்டத்தோடுதான் வரலாற்றில் அறியப்படுகிறார். நகரத்துக்குத் தானியமோ கட்டடமோ கொடுத்த செல்வந்தருக்கும் அதே பெயர் கிடைத்தது. பதிலாக நகரம் அவருக்குக் கல்வெட்டும் சிலையும் விசுவாசமும் கொடுத்தது.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும், ஏனெனில் பணிவிடைத் தலைமையை அதன் எதிரியோடு குழப்பிக்கொள்வதைவிட அதன் போலியோடு குழப்பிக்கொள்வதே அதிகம். கொடுங்கோலன் பணிவிடைக்காரன் ஆக முடியாது என்பது யாருக்கும் விளங்கும். உபகாரி விஷயம் அப்படியல்ல. அவர் கொடுக்கிறார், உதவுகிறார், மக்கள் உண்மையாகவே பயனடைகிறார்கள். ஆனால் பொதுப்பணத்திலிருந்து வருவது அவருடைய சொந்தக் கொடையைப் போல வந்து சேர்கிறது. பெறுபவர் உரிமையோடு கேட்கும் குடிமகனாக இல்லாமல் நன்றிக்கடன் பட்டவராக ஆகிவிடுகிறார். கொடுப்பவருக்கு மேலே இன்னும் ஓர் படி உயரம் கூடுகிறது. பணிவிடைக்காரருக்கோ வீட்டின் பொருள் தம்முடையதல்ல என்பது எப்போதும் தெரிந்திருக்கும். ஆகவே ஒரு நலத்திட்டம் நல்லதா என்று கேட்பதோடு நிற்காமல், அது யாருடைய பெயரில், யாருடைய புகழுக்காக, எந்த எதிர்பார்ப்போடு கொடுக்கப்படுகிறது என்றும் கேட்கச் சொல்கிறது லூக்காவின் அந்த வரி.

யோவான் சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், அதே இரவில், இயேசு எழுந்து துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். வீட்டில் மிகத் தாழ்ந்த நிலையில் இருந்தவர்கள் செய்த வேலை அது. பேதுரு பதறி மறுக்கிறார்; காட்டிக்கொடுக்கப் போகும் யூதாஸின் கால்களும் கழுவப்படுகின்றன. பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்று அறிந்தே அவர் எழுந்தார் என்கிறது வசனம். அதாவது அதிகாரம் இல்லாததால் குனிந்தவராக அவர் காட்டப்படவில்லை.

இந்தக் காட்சி சடங்காகவும் மாறியது. இங்கிலாந்தின் அரசர்கள் பெரிய வியாழனன்று ஏழைகளின் கால்களைக் கழுவும் வழக்கம் கொண்டிருந்தார்கள். பிற்காலத்தில் கழுவுதல் நின்றுபோய், அரசரின் வயது எத்தனையோ அத்தனை ஆண்களுக்கும் அத்தனை பெண்களுக்கும் சிறப்புக் காசுகள் வழங்கும் விழாவாக அது எஞ்சியது. உபகாரி திரும்பி வந்துவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. இதற்கு மாறாக 2019 ஏப்ரலில் வத்திக்கானில் நடந்தது எளிதில் மறக்க முடியாதது. உள்நாட்டுப் போரில் ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற தென் சூடான் தலைவர்கள் சல்வா கீர், ரீக் மச்சார் ஆகியோர் தியானக் கூடுகைக்காக வந்திருந்தபோது, 82 வயதான போப் பிரான்சிஸ் முழங்காலிட்டு அவர்களுடைய பாதங்களை முத்தமிட்டு, சமாதானத்தில் நிலைத்திருக்கும்படி மன்றாடினார். 2020 பிப்ரவரியில் அவர்கள் ஒன்றிணைந்த அரசை அமைத்தார்கள். ஆனாலும் அந்த நாட்டின் சமாதானம் பலவீனமாகவே இருந்தது. ஓர் அடையாளச் செயலால் ஆக முடிந்தது எவ்வளவு, முடியாதது எவ்வளவு என்பதை அந்த நிகழ்வு ஒருங்கே காட்டுகிறது.

அரசனுக்குக் கட்டப்பட்ட வேலி

எபிரேய வேதாகமம் அரசாட்சியைச் சந்தேகத்தோடே பார்க்கிறது. உபாகமம் பதினேழாம் அதிகாரத்தில் அரசனுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள், அரசர்கள் தெய்வங்களாகவும் தெய்வப் புதல்வர்களாகவும் கொண்டாடப்பட்ட பண்டைய உலகில் வியப்பூட்டுபவை. அவன் குதிரைகளைப் பெருக்கக் கூடாது. மனைவிகளைப் பெருக்கக் கூடாது. வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது. படைபலம், திருமண உறவுகளால் வரும் அரசியல் கூட்டு, கருவூலம் ஆகிய மூன்றிலும் கட்டுப்பாடு. அதோடு நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றைத் தனக்கென எழுதிவைத்து வாழ்நாளெல்லாம் வாசிக்க வேண்டும். தன் சகோதரர்மேல் அவன் இருதயம் மேட்டிமை கொள்ளக் கூடாது. அரசன் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவன் என்பதும், குடிமக்கள் அவனுக்குச் சகோதரர்கள் என்பதும் இங்கே சேர்ந்தே வருகின்றன.

இஸ்ரவேலின் அரசன் சாலொமோன் இந்த மூன்று தடைகளையும் மீறினார். அவருடைய மகன் ரெகொபெயாம் பட்டமேற்கச் சீகேமுக்கு வந்தபோது, பாரமான நுகத்தை இலகுவாக்குங்கள் என்று மக்கள் கேட்டார்கள். முதியவர்கள் கொடுத்த ஆலோசனை, இந்த முழுக் கருத்தின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று: இன்று நீர் இந்த மக்களுக்குச் சேவகராகி நல்வார்த்தை சொன்னால் அவர்கள் என்றைக்கும் உமக்குச் சேவகராக இருப்பார்கள். அவர் அதைத் தள்ளிவிட்டு, தம்மோடு வளர்ந்த வாலிபரின் பேச்சைக் கேட்டு, தகப்பன் சவுக்கினால் தண்டித்தார், நான் தேள்களினால் தண்டிப்பேன் என்றார். பத்துக் கோத்திரங்கள் பிரிந்துபோயின.

அரசியலில் ஈடுபட நினைக்கும் ஒருவருக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி நெகேமியா. பெர்சியப் பேரரசின் கீழ் யூதா நாட்டுக்கு ஆளுநராக இருந்த 12 ஆண்டுகளும், ஆளுநருக்குரிய படியை அவர் வாங்கவில்லை. முன்னிருந்தவர்கள் அப்பமும் திராட்சரசமும், கூடவே 40 சேக்கல் வெள்ளியும் மக்களிடமிருந்து வாங்கியதாக அவர் எழுதுகிறார். அவருடைய பந்தியிலோ நாள்தோறும் 150 பேர் சாப்பிட்டார்கள். மக்கள்மேல் சுமை ஏற்கெனவே கடினமாக இருந்ததால் தாம் அந்தப் படியைக் கேட்கவில்லை என்கிறார்.

பிரசங்கங்கள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் அதே அதிகாரத்தின் முற்பகுதியே எனக்கு அதிக முக்கியமாகப் படுகிறது. பஞ்சத்தாலும் அரசனுக்குச் செலுத்த வேண்டிய தீர்வையாலும் ஏழைகள் நிலங்களையும் திராட்சத்தோட்டங்களையும் அடகு வைத்து, கடைசியில் பிள்ளைகளையே அடிமைகளாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடன் கொடுத்தவர்கள் வெளியார் அல்லர், சொந்த இனத்துப் பிரபுக்களும் அதிகாரிகளுமே. நெகேமியா கோபப்பட்டார், யோசித்தார், பிறகு அவர்களைப் பெரிய சபை கூட்டி எதிர்கொண்டு, நிலங்களையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, ஆசாரியர்கள் முன்னிலையில் ஆணையிடுவித்தார். தாமும் தம் ஆட்களும் கடன் கொடுத்திருப்பதை ஒப்புக்கொண்டு, தம்மையும் அந்தக் கட்டளைக்குள் சேர்த்துக்கொண்டார். எளியவருக்குப் பணிவிடை செய்வது வலியவரோடு மோதுவதில் போய் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பகுதி வேதாகமத்தில் குறைவு. ஊதியத்தை விடுவது எளிது. பிரபுக்களைப் பகைத்துக்கொள்வது கடினம்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெகேமியாவைக் காட்டி, அரசியல்வாதிகள் ஊதியமே வாங்கக் கூடாது என்று வாதிடுவது ஆபத்தானது. பிரிட்டனில் 1838ஆம் ஆண்டின் மக்கள் சாசனம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஊதியம் வேண்டும் என்று கேட்டதற்குக் காரணம், ஊதியமில்லாத மன்றத்தில் செல்வந்தர் மட்டுமே உட்கார முடியும் என்பதுதான். அந்தக் கோரிக்கை நிறைவேற 1911 வரை ஆயிற்று.

இது அரசுக்குப் பொருந்துமா?

சீஷர்களின் சிறு குழுவுக்குச் சொன்னதை வரியும் காவலும் படையும் கொண்ட அரசுக்குப் பொருத்தலாமா என்பதில் கிறிஸ்தவர்களிடையே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. 1527ஆம் ஆண்டின் ஷ்லைட்ஹைம் அறிக்கையில் அனபாப்டிஸ்டுகள் என்ற சீர்திருத்தக் குழுவினர், கிறிஸ்தவர் ஆட்சிப் பதவி ஏற்கலாகாது என்றார்கள். மக்கள் தம்மை அரசனாக்க வந்தபோது இயேசு விலகிப் போனாரே என்பது அவர்களுடைய காரணங்களுள் ஒன்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1523இல், ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் வேறு விதமாக எழுதியிருந்தார்: பிரபு, நாடும் மக்களும் எனக்குரியவர்கள் என்று நினையாமல், நான் நாட்டுக்கும் மக்களுக்கும் உரியவன் என்று நினைக்க வேண்டும். அதே லூத்தர் 1525இல் கிளர்ந்தெழுந்த விவசாயிகளை இரக்கமின்றி ஒடுக்கும்படி பிரபுக்களைத் தூண்டி எழுதினார் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. இவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே பழங்காலத் திருச்சபையின் இறையியலாளர் அகஸ்தீன், நீதியுள்ளவர் வீட்டில் கட்டளையிடுகிறவர்கள் தாங்கள் கட்டளையிடுவதாகத் தோன்றுகிறவர்களுக்கே ஊழியம் செய்கிறார்கள் என்று எழுதி வைத்திருந்தார்.

ரோமருக்கு எழுதிய கடிதத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் இந்த விவாதத்தில் தவறாமல் வரும். ஆட்சியாளரை அங்கே பவுல் தேவ ஊழியக்காரன் என்று அழைக்கிறார். உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு என்று நோக்கத்தையும் சேர்த்தே சொல்கிறார். கீழ்ப்படியச் சொல்லும் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த நோக்கத்தை விட்டுவிட்ட ஆட்சியாளர்கள் வரலாற்றில் ஏராளம். பவுல் இதை எழுதியபோது ரோமில் ஆண்டவன் நீரோ. கிறிஸ்தவ அரசு என்று ஒன்று அன்று எங்கும் இருக்கவில்லை. ஏசாயா தீர்க்கதரிசி பெர்சிய அரசன் கோரேசைக் கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர் என்கிறார். ஆகவே மக்களுக்கு நன்மை செய்யும் ஆட்சி, ஆள்பவரின் மதத்தைப் பொறுத்தது அல்ல என்பது வேதாகமத்துக்கு உள்ளேயே ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. பணிவிடைத் தலைமையைப் பேசிக்கொண்டே தம் சபையாருக்கு மட்டும் சலுகை தேடும் அரசியல்வாதி, இந்த மரபின் பெயரைத்தான் எடுத்துக்கொள்கிறார்.

சேவிப்பதும் மகிழ்விப்பதும்

பணிவிடைத் தலைவர் மக்கள் கேட்பதையெல்லாம் செய்வாரா? ரோம ஆளுநர் பிலாத்து இயேசுவை விசாரித்ததை வாசித்தவருக்கு இதற்கு விடை தெரியும். ஜனங்களைப் பிரியப்படுத்த மனதாகி அவர் பரபாஸ் என்ற கைதியை விடுதலையாக்கி, குற்றம் காணாத ஒருவரைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்தார் என்று மாற்கு எழுதுகிறார். அந்த மக்கள்திரள் கேட்டது நடந்தது. அதைப் பணிவிடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் வாழ்க்கை இதன் மறுபக்கம். 1785இல் ஆழ்ந்த மனமாற்றம் ஏற்பட்டபோது, அரசியலை விட்டு விலகலாமா என்று குழம்பிய அவருக்கு, முன்னாளில் அடிமைக் கப்பல் தலைவராக இருந்து பின் போதகரான ஜான் நியூட்டன், நாடாளுமன்றத்திலேயே இருங்கள் என்றார். 1791இல் அடிமை வணிகத்தை ஒழிக்க வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்த முயற்சி 88க்கு எதிராக 163 வாக்குகளில் தோற்றது. லிவர்பூல், பிரிஸ்டல் போன்ற துறைமுகங்களின் செல்வம் அந்த வணிகத்தில் ஊறியிருந்தது. மீண்டும் மீண்டும் தோற்று, 1807இல் 283க்கு 16 என்ற கணக்கில் வென்றது. அவரால் காப்பாற்றப்பட வேண்டியவர்களில் ஒருவருக்கும் அவருக்கு வாக்களிக்கும் உரிமை இல்லை. ஆனால் இந்தக் கதையையும் முழுதாகச் சொல்ல வேண்டும்: பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பகுதியில் அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டின் சட்டம் 2 கோடி பவுண்டு இழப்பீட்டை அடிமைகளின் உடைமையாளர்களுக்குக் கொடுத்தது, அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

தாழ்மையுள்ள ஒருவரின் கையில் அதிகாரம்

தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரேவைப் பற்றி யோசிக்காமல் இந்தக் கருத்தைப் புரிந்துகொண்டதாகச் சொல்வது கடினம். பக்தியுள்ள கத்தோலிக்கரான அவர் எளிமையாக வாழ்ந்தார். 1967இல் வெளியான அரூஷா பிரகடனம், தலைவர்கள் நிறுவனங்களில் பங்கு வைத்திருப்பதையும், இரண்டு ஊதியங்கள் பெறுவதையும், வீடுகளை வாடகைக்கு விடுவதையும் தடை செய்தது. 1985இல் அவர் குடியரசுத் தலைவர் பதவியைத் தாமாகவே விட்டு இறங்கினார். அக்காலத்து ஆப்பிரிக்காவில் அது அரிய செயல். அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான விசாரணையைக் கத்தோலிக்கத் திருச்சபை 2005இல் தொடங்கியது.

அதே நைரேரே ஒருகட்சி ஆட்சியை நடத்தினார். விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டம் அவர் காலத்தில் நடைமுறையில் இருந்தது. கூட்டுக் கிராமங்களில் மக்கள் விரும்பிச் சேர்வார்கள் என்ற அவருடைய எதிர்பார்ப்பு பலிக்காதபோது, 1973 முதல் அது கட்டாயமாக்கப்பட்டு, பல லட்சக்கணக்கான விவசாயிகள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். சில இடங்களில் திரும்பிப் போகாதிருக்க வீடுகள் எரிக்கப்பட்டன. சொந்த ஆசை எதுவும் இல்லாத ஒருவர், மக்களுக்கு எது நல்லது என்று தமக்குத் தெரியும் என நம்பியதன் விளைவு இது. தலைவரின் நேர்மை, அவரைக் கேள்வி கேட்கும் அமைப்புகளுக்கு மாற்றாக முடியாது என்பதை நான் கற்றுக்கொண்டது பிரசங்கங்களிலிருந்து அல்ல, இந்த வரலாற்றிலிருந்துதான். எல்லா மனிதரும் பாவத்துக்கு உட்பட்டவர்கள் என்று போதிக்கும் மதம், நல்லவருக்கு மட்டும் வேலி தேவையில்லை என்று சொல்ல வழியில்லை.

டீட்ரிக் போன்ஹோஃபர் இதையே வேறு கோணத்தில் சொன்னார். ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சித் தலைவராகி இரண்டு நாள் ஆனபோது, 1933 பிப்ரவரி 1ஆம் தேதி, 26 வயதான அந்த இறையியலாளர் வானொலியில் தலைமையைப் பற்றிப் பேசினார். பதவிக்கென்று எல்லை உண்டு. அந்த எல்லையைத் தம்மைப் பின்பற்றுவோருக்கு நினைவூட்ட வேண்டியது தலைவரின் கடமை. அதை விட்டுவிட்டுத் தம்மையே தெய்வமாக்க இடம் கொடுக்கிறவர் மக்களைத் தவறான வழியில் இட்டுச் செல்பவராகிவிடுவார் என்பது அவர் வாதம். உரை முடியும் முன்பே ஒலிபரப்பு துண்டிக்கப்பட்டது. 1945 ஏப்ரலில் ஃபிளோசன்பெர்க் வதைமுகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

கணக்குக் கொடுப்பதைப் பற்றி ஒரு பகுதி மீதமிருக்கிறது. இஸ்ரவேலில் சவுல் முதல் அரசனான பின், அதுவரை மக்களை நடத்திய முதியவரான சாமுவேல் மக்கள் முன் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யாரிடம் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்று, புதிய அரசனையே சாட்சியாக வைத்துக் கேட்கிறார். ஒன்றுமில்லை என்கிறார்கள் மக்கள். பதவியில் இருந்தவர் தாமாக முன்வந்து கொடுத்த கணக்காக இது நியாயமாகவே போற்றப்படுகிறது. ஆனால் நான்கு அதிகாரங்களுக்கு முன்பு, அவர் தம் இரண்டு புதல்வர்களை நியாயாதிபதிகளாக நியமித்ததும், அவர்கள் பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டியதும், மூப்பர்கள் ராஜாவைக் கேட்க அதையே காரணமாகச் சொன்னதும் எழுதப்பட்டிருக்கிறது. சாமுவேல் மக்களிடம் கேட்ட கேள்விகளில் அந்த நியமனம் இல்லை. என் குமாரர் உங்களோடு இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தவர் அவரே. தணிக்கைத் துறையும் எதிர்க்கட்சியும் நீதிமன்றமும் பத்திரிகையும் இருக்கும் நாட்டில் அந்தத் தேர்வு ஆள்பவரின் கையில் இருப்பதில்லை. தம்மைப் பணிவிடைக்காரர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், அவர்கள் கேட்கும்போது எரிச்சலடைகிறாரா, ஏடுகளைத் திறந்து வைக்கிறாரா என்று பார்க்கலாம்.